மரம் வெட்டுதலும் திட்டமிட்ட தீயும்: அருகிவரும் காட்டுயிர்களுக்கு என்ன ஆகிறது?

காட்டில் மரம் வெட்டினால் விலங்குகளுக்குக் கெடுதல், தீ வைத்தால் இன்னும் கெடுதல். இப்படிச் சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சின்னப் பறவை இருக்கிறது. மரத்தை வெட்டாமல், தீயும் படாமல் காட்டை அப்படியே விட்டுவிட்டால் அந்தப் பறவைக்கு வாழ இடமே இருக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கையளவே உள்ள ஒரு விலங்கு இருக்கிறது. அது வாழும் காட்டை ஒரே ஒரு தடவை முழுதாக வெட்டினால்கூட, அங்கே அது மறுபடி குடியேற ஒன்றரை நூற்றாண்டு ஆகலாம்.

இரண்டுமே உண்மை. அதனால் வெட்டு நல்லதா, தீ கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் காடு, எந்த உயிர், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, எல்லாம் முடிந்தபின் அங்கே என்ன மிஞ்சுகிறது என்று கேட்க வேண்டும். இதில் கடைசிக் கேள்வியைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தீயை எப்படி வைக்கிறார்கள்?

காட்டுத் தீக்கு வேண்டிய எரிபொருள் தரையில்தான் கிடக்கிறது: சருகு, சுள்ளி, உரிந்து விழுந்த பட்டை, காய்ந்த புல், புதர். கோடையின் உச்சத்தில் பெருங்காற்று அடிக்கும்போது இவை பற்றிக்கொண்டால் யாராலும் அணைக்க முடியாது. அதனால் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் பருவமாக, காற்று மெதுவாக இருக்கும் நாளாகப் பார்த்து, மனிதர்களே தீ வைத்து அந்தச் சருகைக் குறைக்கிறார்கள். இதுதான் திட்டமிட்ட தீ.

எரிக்க வேண்டிய பகுதியைச் சுற்றி முதலில் மண் தெரியும்படி தரையைச் சுரண்டி ஒரு தடுப்புக்கோடு போடுவார்கள். சாலையோ ஓடையோ இருந்தால் அதுவே எல்லை. அப்புறம், டீசலும் பெட்ரோலும் கலந்து ஊற்றிய எரிகுடுவையைக் கையில் பிடித்து, நெருப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி வரிசையாக நடப்பார்கள். காற்றுக்கு எதிராக நகரும் தீ தாழ்வாக, மெதுவாக ஊர்ந்து போகும். காற்றோடு போகும் தீ எழும்பி ஓடும். எந்தப் பக்கமிருந்து பற்றவைப்பது என்று தீர்மானிப்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. எரிந்து முடிந்த பிறகும் ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்து, புகைந்துகொண்டிருக்கும் கட்டைகளை அணைப்பார்கள்.

இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு தீ உண்டு. ஒரு பகுதியில் எல்லா மரங்களையும் வெட்டி, அடிமரத்தை லாரியில் ஏற்றிய பின், மிச்சமான கிளை, இலை, பட்டைக் குவியலைக் கொளுத்துவார்கள். புதுவிதை முளைக்கச் சாம்பல் படுகை வேண்டும் என்பதற்காக வைக்கும் தீ இது. ஊர்ந்து போகும் சருகுத் தீயைவிடப் பல மடங்கு சூடானது. இரண்டுமே மனிதர் வைக்கும் தீதான், ஆனால் அதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை அதிகம் இல்லை.

மரம் வெட்டுவதிலும் வகை உண்டு. ஒரு பகுதியை அடியோடு வெட்டுவது, வேண்டிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டுவது, காட்டுத் தீக்குப் பின் கருகி நிற்கும் மரங்களை வெட்டியெடுப்பது. மூன்றாவது வகையைப் பார்த்து, 'செத்த மரம்தானே, போகட்டும்' என்று தோன்றும். காட்டுயிர்களைப் பொறுத்தவரை அது பெரிய தவறு. செத்து நிற்கும் மரத்தில் வண்டுப் புழுக்கள் பெருகும், அவற்றைத் தின்ன மரங்கொத்திகள் வரும், அவை குடைந்த துளைகளில் அப்புறம் வேறு பறவைகள் கூடு வைக்கும்.

தீ தேவைப்படும் காடு

முதலில் சொன்ன மிச்சிகன் பறவையின் பெயர் கிர்ட்லண்ட் வார்ப்ளர். சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட பாடும் பறவை. குளிர்காலத்தைப் பஹாமாஸ் தீவுகளில் கழித்துவிட்டு, கூடு கட்ட வடக்கே திரும்பி வரும். அது கூடு கட்டுவது ஜாக் பைன் என்ற ஊசியிலை மரத்தின் அடியில், தரையில். அதுவும் எந்த ஜாக் பைனும் ஆகாது. ஏறக்குறைய 5 முதல் 20 வயதுக்குள் இருக்கும் இளமரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வயதில்தான் கீழ்க்கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு கூட்டை மறைக்கும். மரம் உயர்ந்து கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்ந்துவிட்டால் பறவை அந்த இடத்தை விட்டுப் போய்விடும்.

ஜாக் பைனின் காய்கள் பெரும்பாலும் பிசினால் இறுகி மூடியிருக்கும். தீயின் வெப்பம் பட்டால்தான் திறந்து விதையை உதிர்க்கும். ஆக, தீ வந்தால் இளங்காடு, இளங்காடு இருந்தால் பறவை. தீயணைப்பு முறைகள் முன்னேற முன்னேற இந்தச் சங்கிலி அறுந்தது. வார்ப்ளரின் கூட்டில் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகும் மாட்டுப்பறவையின் தொல்லையும் சேர்ந்துகொண்டது. 1974-ல் பாடும் ஆண் பறவைகளை எண்ணியபோது 167 மட்டுமே இருந்தன.

1980 மே 5 அன்று, இந்தப் பறவைக்காகவே மிச்சிகனில் மையோ என்ற ஊருக்கு அருகே ஒரு திட்டமிட்ட தீ வைத்தார்கள். அது கைமீறிப் போனது. வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், 44 வீடுகள் போயின, ஏறக்குறைய 10,000 ஹெக்டேர் எரிந்தது. திட்டமிட்ட தீயைப் பற்றிப் பேசும் எவரும் இந்த நாளை மறக்கக் கூடாது. நல்ல நோக்கம் இருந்தால் தீ கட்டுக்குள் இருக்கும் என்று பொருளல்ல. ஆனால் அதே எரிந்த நிலத்தில் இளம் ஜாக் பைன் அடர்ந்து முளைத்தது. சில ஆண்டுகள் கழித்து வார்ப்ளர் அங்கே பெருகியது, மொத்த எண்ணிக்கையும் ஏறத் தொடங்கியது.

அதன் பிறகு அந்தப் பகுதியில் முக்கியக் கருவியாக இருப்பது மரம் வெட்டுதல்தான். முதிர்ந்த ஜாக் பைன்களை அடியோடு வெட்டி, நடுநடுவே வெட்டவெளி விட்டு, கன்றுகளை நெருக்கமாக நடுகிறார்கள். தீ செய்த வேலையை ரம்பமும் நாற்றும் செய்கின்றன. 2019-ல் அமெரிக்க அரசு இந்தப் பறவையை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அடியோடு வெட்டுதல் என்ற சொல்லைக் கேட்டதுமே கோபப்படுபவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இந்தப் பறவையை நினைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் தென்கிழக்கே போனால் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே லாங்லீஃப் பைன் காடுகள் ஒரு காலத்தில் சுமார் 3.6 கோடி ஹெக்டேர் பரந்திருந்தன. இப்போது எஞ்சியிருப்பது அதில் 5 சதவீதம் அளவுக்குத்தான். பைன் மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, அடியில் புல் விரிந்த வெளிச்சமான காடு அது. மின்னலாலும் பூர்வகுடிகளாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தாழ்வான தீ வந்துபோவதால்தான் அது அப்படி இருந்தது. அங்கே வாழும் சிவப்புக் கொண்டை மரங்கொத்தி (காதோரம் ஒரு சிறு சிவப்புக் கோடு, அதுவும் ஆணுக்கு மட்டும்) உயிருள்ள முதிய பைன் மரத்தில் பொந்து குடையும். உயிருள்ள மரம் கடினமானது என்பதால் ஒரு பொந்து முடிய வருடக்கணக்கில் ஆகும். பொந்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் போட்டுப் பிசினை வழியவிடும். மரத்தில் ஏறிவரும் பாம்பு அந்தப் பிசினைத் தாண்டத் திணறும்.

இந்தப் பறவைக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. மரவெட்டு முதிய பைன்களைக் கொண்டுபோனது. மிச்சமிருந்த காட்டிலோ தீயை அறவே நிறுத்தியதால் ஓக் போன்ற மரங்கள் அடியில் வளர்ந்து பொந்தின் உயரத்தை எட்டின, மரங்கொத்தி இடத்தைக் காலி செய்தது. 1970-ல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு சருகுத் தீயை மறுபடி கொண்டுவந்து, அடியில் வளர்ந்த மரங்களைக் களைந்து, முதிய பைன்களை மட்டும் தொடாமல் விட்டு, மரத்தில் செயற்கைப் பொந்துகளைப் பதித்தார்கள். 2024-ல் அதன் ஆபத்து நிலை ஒரு படி இறக்கப்பட்டு, 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்ற அளவுக்கு வந்திருக்கிறது.

வெட்டினால் திரும்பாத காடு

இப்போது விக்டோரியா. அங்குள்ள மலைப்பகுதியின் ஈரமான காடுகளில் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் வளர்கிறது. பூக்கும் தாவரங்களிலேயே உலகில் மிக உயரமானவற்றில் ஒன்று இது. டாஸ்மேனியாவில் நிற்கும் ஒரு மரம் ஏறக்குறைய 100 மீட்டர். இந்தக் காட்டில்தான் லெட்பீட்டர் போசம் என்ற அந்தக் கையளவு விலங்கு வாழ்கிறது. எடை 100 முதல் 160 கிராம் வரை. அது அற்றுப்போய்விட்டது என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1961-ல் மேரிஸ்வில் அருகே மறுபடி கண்ணில் பட்டது. 1971-ல் விக்டோரியாவின் மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015-ல் அதுவே மிக மோசமான ஆபத்தில் இருக்கும் இனம் என்ற பட்டியலில் ஏறியது.

அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, படுத்துறங்கவும் குட்டி போடவும் முதிய மரத்தின் பொந்து. இன்னொன்று, தின்பதற்குப் பிசின் தரும் வாட்டில் என்ற வேல இன மரங்கள் அடர்ந்த கீழ்க்காடு. பொந்து இருப்பது கிழ மரத்தில், வாட்டில் செழிப்பது இளங்காட்டில். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும்.

1939 ஜனவரி 13 அன்று விக்டோரியாவை ஒரு பெருந்தீ எரித்தது. 71 பேர் இறந்தார்கள், மவுண்டன் ஆஷ் காடுகளில் பெரும்பகுதி போயிற்று. ஆனால் தீ மரத்தைக் கொன்றதே தவிர, அகற்றவில்லை. செத்த கிழமரங்கள் பொந்துகளோடு நின்றபடியே இருந்தன. அவற்றின் காலடியில் இளமரங்களும் வாட்டிலும் முளைத்தன. மேலே வீடு, கீழே சாப்பாடு. லெட்பீட்டர் போசம் மறுபடி கண்ணில் பட்ட காலத்தில் அந்தக் காடுகள் இந்த நிலையில்தான் இருந்தன.

வெட்டுக்கும் தீக்கும் உள்ள வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரிகிறது. அவ்வளவு பயங்கரமான தீகூட எதையோ விட்டுவிட்டுப் போகிறது: நிற்கும் செத்த மரம், விழுந்த கட்டை, எரியாமல் தப்பிய பள்ளத்தாக்கு. அடியோடு வெட்டி, மிச்சத்தைக் கொளுத்தினால் இவற்றில் எதுவும் இருக்காது. வெட்டும்போது சில கிழமரங்களை விட்டுவைக்கும் விதி இருந்தது. ஆனால் கழிவு எரிப்பின் வெப்பத்தில் அவற்றில் பல வெந்து செத்தன, துணையின்றித் தனியாக நின்றவை காற்றில் சாய்ந்தன. வெட்டிய இடத்தில் பசுமையாக மரம் வளர்ந்துவிட்டது என்று படம் காட்டுவார்கள். வளர்வது உண்மைதான். ஆனால் மவுண்டன் ஆஷில் பொந்து விழத் தொடங்கவே 120 வருடத்துக்கு மேல் ஆகும், போசத்துக்கு ஏற்ற பெரிய பொந்துக்கு இன்னும் அதிகம். மரத்தொழில் திட்டமிட்ட சுழற்சியோ 60 முதல் 80 வருடம். இந்தக் கணக்கில் பொந்து என்ற ஒன்று என்றைக்கும் வராது. ஒரு காட்டை மறுபடி வளர்க்கிறோம் என்று சொல்பவர்களிடம், எத்தனை வயது வரை வளர விடுவீர்கள் என்று கேட்க வேண்டும்.

இதே காடுகளில் கிரேட்டர் கிளைடரும் வாழ்கிறது. பூனையளவு இருக்கும், யூகலிப்டஸ் இலையை மட்டுமே தின்னும், கையையும் காலையும் இணைக்கும் தோலை விரித்து மரத்துக்கு மரம் 100 மீட்டர் வரை மிதந்து போகும். ஒரு பொந்து அதற்குப் போதாது, தன் எல்லைக்குள் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். 2016-ல் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனமாக இருந்த தெற்கு கிரேட்டர் கிளைடர், 2022-ல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக, ஆபத்துப் பட்டியலில் ஒரு படி மேலே ஏறிவிட்டது. இடையில் 2019–20 கோடைத் தீ அதன் வாழிடத்தில் ஒரு பெரிய பகுதியை எரித்திருந்தது.

தாழ்வான தீயும் கெடுக்கும் விதம்

மவுண்டன் ஆஷ் காட்டில் திட்டமிட்ட தீ வைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். சாதாரண நாளில் அது பற்றாத அளவுக்கு ஈரம். பற்றும் அளவுக்குக் காய்ந்த நாளில் தீ வைப்பது தற்கொலை. வேண்டியதும் இல்லை, ஏனென்றால் தீவிரமான தீயில் இந்த மரம் செத்து, விதையிலிருந்துதான் மறுபடி முளைக்கும். முளைத்தது விதை தர 20 வருடம் வரை ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதை இல்லை, காடும் இல்லை, வாட்டில் புதர் மட்டும் மிஞ்சும்.

திட்டமிட்ட தீ அதிகம் வைக்கப்படுவது, கொஞ்சம் தாழ்வான, காய்ந்த யூகலிப்டஸ் காடுகளில். அங்கே முழங்கால் உயரத் தீயால் மரத்துக்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றும். முதிய மரம் ஒன்றின் அடியைப் பாருங்கள். பழைய தீக்காயத்தால் அடியில் முக்கோணமாக ஒரு வாய் திறந்திருக்கும், அதற்குள் சருகும் உளுத்த மரத்தூளும் நிறைந்திருக்கும். தாழ்வாக ஊர்ந்து வரும் தீ அந்த வாய்க்குள் நுழைந்தால் உள்ளே அடுப்புபோல் கனன்று, மரத்தை உள்ளிருந்தே தின்னும். வெளியே பச்சையாக நிற்கும் மரம், தீ அணைந்து போன பிறகு சாயும். சாய்வது பெரும்பாலும் இப்படிப் பொந்துள்ள கிழமரம்தான். ஒவ்வொரு தீயிலும் சில மரங்கள் என்று வைத்துக்கொண்டாலும், அடிக்கடி எரித்தால் பொந்து மரங்களே இல்லாமல் போகும்.

இதற்குத் தடுப்பு எளிமையானது. தீ வைப்பதற்கு முன் ஒரு ஆள் கொத்துவாரியை எடுத்துப் போய், அடையாளமிட்ட ஒவ்வொரு முதிய மரத்தின் அடியிலிருந்தும் சருகையும் பட்டையையும் சில மீட்டர் தூரத்துக்கு வாரித் தள்ள வேண்டும். லாங்லீஃப் காட்டில் மரங்கொத்திப் பொந்துள்ள பைன்களுக்கும் இதையே செய்கிறார்கள், ஏனென்றால் அதன் தண்டில் வழிந்திருக்கும் பிசின் சட்டென்று பற்றும். ஆள் செலவாகும், நேரமாகும், அதனால்தான் இந்த வேலை முதலில் கைவிடப்படுகிறது. ஒரு திட்டமிட்ட தீ நன்றாக நடந்ததா என்று பார்க்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தரைவாழ் விலங்குகளுக்கு வேறு சிக்கல். விக்டோரியாவின் கிழக்கு கிப்ஸ்லாந்தில் வாழும் நீள்பாதப் பொட்டோரூ கங்காருவின் தூரத்து உறவு. முயலளவு, மண்ணுக்கடியில் விளையும் காளான்களைத் தோண்டித் தின்னும். தீயிலிருந்து அது தப்பலாம். ஆனால் புதர் எரிந்து தரை வெளுத்துப் போனபின் நரிக்கும் காட்டில் திரியும் பூனைக்கும் மறைவின்றி மாட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் வடக்கே, புதிதாக எரிந்த நிலத்தைத் தேடிப் பூனைகள் தம் எல்லையை விட்டுப் பல கிலோமீட்டர் நடந்து வருவதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் தீயோடு சேர்த்து நரிக் கட்டுப்பாடும் நடக்க வேண்டும். எரிப்பதும் முழுதாக இல்லாமல் திட்டுத் திட்டாக, எரியாத புதர்களை இடையிடையே விட்டு நடக்க வேண்டும். பூர்வகுடி மக்கள் பல தலைமுறையாக எரித்துவந்த முறை இதுதான்: சின்னத் திட்டு, குளிர்ந்த தீ, சரியான பருவம்.

2009 பிப்ரவரித் தீயில் விக்டோரியாவில் 173 பேர் இறந்த பிறகு, அரசு அமைத்த விசாரணை ஆணையம், பொது நிலத்தில் ஆண்டுக்கு குறைந்தது 5 சதவீதத்தைத் திட்டமிட்டு எரிக்கப் பரிந்துரைத்தது. அந்தத் துயரத்தில் அப்படித் தோன்றியது புரிகிறது. ஆனால் பரப்பளவை இலக்காக வைத்தால், வீடுகளுக்குப் பக்கத்தில் சிக்கலான சிறு துண்டை எரிப்பதைவிட, ஆளரவமற்ற பெருங்காட்டைக் கொளுத்திக் கணக்குக் காட்டுவது சுலபம். மனிதருக்கும் பயனில்லை, விலங்குக்கும் கேடு. பின்னர் அந்த இலக்கைக் கைவிட்டு, ஆபத்து எவ்வளவு குறைந்தது என்று அளக்கும் முறைக்கு மாறினார்கள். வீடுகளை ஒட்டி எரிப்பது உயிர்காக்கும் வேலை, அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். தொலைதூர முதிர்காட்டுக்கு அதே நியாயம் பொருந்தாது.

வெட்டும் தீயும் ஒன்றையொன்று தூண்டிவிடுமா என்ற கேள்வியும் உண்டு. மவுண்டன் ஆஷ் காடுகளில் வெட்டிய பின் நெருக்கமாக முளைத்த இளங்காடு, முதிர்ந்த காட்டைவிடத் தீவிரமாக எரிகிறது என்று 2009 தீயை ஆராய்ந்த சிலர் காட்டினார்கள். வேறு சில அறிவியலாளர்கள் இதை மறுத்தார்கள், வாதம் இன்னும் சூடாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. தீ அடிக்கடி வரும் காலத்தில், எரியாமல் மிச்சமிருக்கும் முதிர்காட்டின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

2024 ஜனவரி 1 முதல் விக்டோரியா அரசு தன் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை நிறுத்திவிட்டது. நல்ல செய்தி, ஆனால் போசத்தின் வீட்டுப் பிரச்சினை அன்றோடு தீரவில்லை. 1939-க்கு முந்தைய செத்த மரங்கள் ஒவ்வொன்றாக உளுத்து விழுந்துகொண்டிருக்கின்றன. 1939 தீக்குப் பின் முளைத்தவற்றுக்கு இப்போதுதான் 85 வயது தாண்டியிருக்கிறது, அவற்றில் பொந்து விழ இன்னும் சில பத்தாண்டுகள் வேண்டும். இந்த இடைவெளியைச் சமாளிக்க மரத்தில் கூடுபெட்டிகளைக் கட்டுகிறார்கள், உயிருள்ள மரத்தில் ரம்பத்தால் பொந்து குடைகிறார்கள். மெல்லிய பலகைப் பெட்டி வெயிலில் சூடேறிவிடும், நாளாக நாளாக உளுத்தும் விழும். அதனால் வெப்பம் தாங்கும் பெட்டிகளைக் கிளைடருக்கென்றே வடிவமைத்துப் பார்க்கிறார்கள். 1939-ன் மரங்களை அடுத்த பெருந்தீயிலிருந்தும் ரம்பத்திலிருந்தும் காப்பதுதான் இப்போதைக்கு அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை.